மனை பிரிக்கும் முன் அங்கே என்ன இருந்தது?

வாசகர் கேள்வி - பதில்

புதுக் குடியிருப்புகளில் அந்த இடத்தின் பழைய வாழ்க்கையைச் சொல்லும் சிற்பம், சுவரோவியம், பதிகல் வைப்பது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த முறை பதில் தருகிறோம். பொதுவெளிச் சிற்ப வேலையும் கட்டுமானமும் தெரிந்தவர்கள் சேர்ந்து எழுதிய பதில்கள் இவை.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் 300 வீடுகள். உள்ளூர்ப் பாரம்பரியத்தைச் சொல்லும் சிற்பம் ஒன்றை நுழைவாயிலில் வைக்கலாம் என்று சங்கத்தில் முடிவெடுத்தோம். ஆனால் இந்த இடம் முன்பு வெறும் வயல்தான். இங்கே எந்தப் பாரம்பரியத்தைத் தேடுவது?

பதில்: வெறும் வயல் என்று எதுவும் கிடையாது. வயல் என்றால் அதற்குத் தண்ணீர் எங்கிருந்தோ வந்திருக்கும், எங்கேயோ வடிந்திருக்கும். விளைந்ததைச் சுமந்துகொண்டு யாரோ ஒரு தடத்தில் நடந்திருப்பார்கள். அந்தத் தடம், அந்த வாய்க்கால், அந்த மடை, வரப்போரத்து மரம் எல்லாமே பாரம்பரியம்தான்.

மனை பிரிப்பதற்கு முந்தைய நில அளவை வரைபடத்தின் நகலை முதலில் வாங்குங்கள். அதை இன்றைய மனை வரைபடத்தின் அளவுகோலுக்கு மாற்றி, டிரேசிங் தாளில் எடுத்து மேலே வைத்துப் பாருங்கள். இரண்டிலும் இடம் மாறாத மூன்று புள்ளிகளாவது வேண்டும்: பழைய சாலைச் சந்திப்பு, பாலம், எல்லைக்கல் போன்றவை. இரண்டு புள்ளிகளை மட்டும் பிடித்துப் பொருத்தினால் எப்படியும் பொருந்திவிடும், தப்பு கண்ணில் படாது. மூன்றாவது புள்ளிதான் தப்பைக் காட்டிக்கொடுக்கும். சரியாகப் பொருந்தியதும் பழைய வாய்க்கால் எந்தத் தெருவைக் குறுக்கே வெட்டுகிறது, கிணறு இருந்த இடத்தில் இப்போது எந்த முற்றம் என்பதெல்லாம் தெரியவரும்.

அடுத்து, பக்கத்துப் பழைய ஊரில் இருக்கும் பெரியவர்களிடம் போங்கள். "உங்கள் பாரம்பரியம் என்ன?" என்று கேட்டால் எல்லா ஊரிலும் ஒரே பதில்தான் வரும். "எந்த மாதத்தில் இங்கே என்ன வேலை நடந்தது? எந்தக் கருவியால் செய்தீர்கள்? இந்த மூலைக்கு என்ன பேர்?" என்று கேளுங்கள். நிலத்துண்டுகளுக்கு மக்கள் வைத்த பெயர்கள் பல வேளை எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. அதைச் சொல்லக்கூடியவர்களுக்குப் பின் அந்தப் பெயர் கிடைக்கவே கிடைக்காது. தள்ளிப்போடாதீர்கள்.

இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட்டில் ஆண்டனி கோர்ம்லி 1998-இல் நிறுவிய "வடக்கின் தேவதை" 20 மீட்டர் உயரம், 54 மீட்டர் இறக்கை விரிப்பு கொண்டது. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் குளிக்கப் பயன்பட்ட கட்டடம் இருந்த இடத்தில்தான் அது நிற்கிறது. காலுக்குக் கீழே பல தலைமுறை செய்த வேலைதான் அதன் பொருள். பெரிதாக இருந்தால்தான் ஆகும் என்றும் இல்லை. ஜெர்மானியச் சிற்பி குண்டர் டெம்னிக் 1992-இல் பதிக்கத் தொடங்கிய "இடறும் கற்கள்" வெறும் 10 சென்டிமீட்டர் கான்கிரீட் கட்டிகள்தான். மேலே ஒரு பித்தளைத் தகடு, அதில் நாஜிகளால் துரத்தப்பட்டோ கொல்லப்பட்டோ போனவரின் பெயர். அவர் கடைசியாகத் தன் விருப்பப்படி வாழ்ந்த வீட்டின் வாசலில் பதிப்பதால்தான் அந்தச் சின்னக் கல்லுக்கு அத்தனை கனம்.

உங்களுக்குத் தோன்றிய வடிவம் எதுவானாலும் ஒன்று கேட்டுப் பாருங்கள்: இதைத் தூக்கி வேறு ஊர்க் குடியிருப்பில் வைத்தாலும் பொருந்துமா? பொருந்தும் என்றால் அது உங்கள் மண்ணின் கலை இல்லை. வண்டிச் சக்கரம், கூப்பிய கை, பறக்கும் பறவை மூன்றும் இந்தக் கேள்வியில் பெரும்பாலும் தோற்றுவிடும். வாய்க்கால் ஓடிய தடத்தை நடைபாதையில் வேறு நிறக் கல்லால் குடியிருப்பின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பதித்தால் தோற்காது. நுழைவாயிலில் ஒற்றைச் சிலை வைப்பதைவிட இதையே நாங்கள் சொல்வோம்.

கேள்வி: இன்னும் பாதிப் பேர் குடிவரவில்லை. யாரைக் கேட்டு முடிவெடுப்பது?

பதில்: எல்லாவற்றையும் இப்போதே முடிவு செய்யாதீர்கள். ஒதுக்கிய பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும் இப்போது வேலை செய்யுங்கள். அதுவும் தரையோடு தரையாக இருக்கும் வேலைகளாக இருக்கட்டும்: பதிகல், தடம், மீட்ட பழைய கல்லால் கட்டிய திண்ணை. மிச்சம், முக்கால்வாசிப் பேர் குடிவந்து ஒரு வருடம் போன பிறகு. அதற்குள் மக்கள் எங்கே நிற்கிறார்கள், எந்தக் குறுக்கு வழியில் நடக்கிறார்கள் என்று தெரிந்திருக்கும்.

தேர்வுக் குழுவில் ஏழு பேர் போதும். அதில் இரண்டு பேர் பக்கத்துப் பழைய ஊர்க்காரர்களாக இருக்க வேண்டும். நிலத்தை விற்றவர்களை மட்டும் கூப்பிட்டுவிட்டு, அந்த நிலத்தில் கூலிக்கு உழைத்தவர்களை விட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. கருவியின் பெயரும் வேலையின் பக்குவமும் அவர்களுக்குத்தான் தெரியும்.

கேள்வி: கட்டுமான வேலை எல்லாம் முடிந்த பிறகு சிற்பியைக் கூப்பிட்டால் போதும் என்கிறார் எங்கள் ஒப்பந்தக்காரர். சரியா?

பதில்: சரியில்லை. சாலையும் வடிகாலும் போடுவதற்கு முன்பே சிற்பி வரைபடத்தைப் பார்த்திருக்க வேண்டும். பிறகு வந்தால் தோண்டும் இடத்திலெல்லாம் குடிநீர்க் குழாயோ மின் கேபிளோ குறுக்கே வரும். கடைசியில் சிற்பத்துக்குக் கிடைப்பது குப்பைத் தொட்டிக்கும் டிரான்ஸ்பார்மருக்கும் நடுவில் மிஞ்சிய முக்கோணம்தான்.

இன்னும் எதுவும் முடிவாகவில்லையா? உத்தேச இடங்களுக்கு 50 மில்லிமீட்டர் காலிக் குழாய் இரண்டை மண்ணுக்கடியில் ஓட்டி, உள்ளே இழுகயிறு விட்டு, இரு முனையையும் மூடி வைக்கச் சொல்லுங்கள். ஒன்று மின்சாரத்துக்கு, இன்னொன்று நாளை எதற்காவது. குழாய் முனை எங்கே இருக்கிறது என்பதைப் போட்டோவோடும் அளவோடும் எழுதி வையுங்கள். எழுதாவிட்டால் அந்தக் குழாய் இருந்தும் இல்லாததுதான்.

கேள்வி: பூங்காவில் வைத்த 3 மீட்டர் இரும்புச் சிற்பம் ஒரே வருடத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. அடியில் கான்கிரீட் போட்டுத்தான் நிறுத்தினார்கள். என்ன காரணம்?

பதில்: புதுக் குடியிருப்பு என்றால் முதல் சந்தேகம் மண்ணின் மேல்தான். தாழ்வான இடத்தை மேடேற்றிக் கொட்டிய மண் பல வருடம் அமுங்கிக்கொண்டே இருக்கும். ஒரு பக்கம் அதிகம், ஒரு பக்கம் குறைவு. கான்கிரீட் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் மேடேற்றிய மண்ணின் மேல் உட்கார்ந்தால் அதோடு சேர்ந்து சாயும். சிற்பம் நிற்கும் இடத்தில் குழி தோண்டி, நிறமும் இறுக்கமும் மாறும் பழைய தரையைப் பார்த்த பிறகே அடித்தளத்தின் ஆழத்தை முடிவு செய்ய வேண்டும். மேடு அதிகமாக இருந்தால் பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் தூண்) போட்டுப் பழைய தரையைத் தொடுவதே வழி.

இரண்டாவது காரணம் காற்று. பலர் சிற்பத்தின் எடையை மட்டும் பார்த்து அடித்தளம் போடுகிறார்கள். ஆனால் சிற்பத்தைக் கவிழ்ப்பது அதன் எடை அல்ல, பக்கவாட்டில் தள்ளும் காற்று. கணக்கு எப்படி வருகிறது என்று பாருங்கள். காற்றின் வேகம் நொடிக்கு 40 மீட்டர் என்று வைப்போம், அதாவது மணிக்கு 144 கிலோமீட்டர். வேகத்தை அதே வேகத்தால் பெருக்கி 0.6-ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 960 நியூட்டன் அழுத்தம். காற்றுக்கு முகம் காட்டும் பரப்பு 3 சதுர மீட்டர், வடிவத்துக்கான பெருக்கெண் 1.5 என்றால் மொத்தம் 4,320 நியூட்டன். கிட்டத்தட்ட 440 கிலோ எடை பக்கவாட்டில் தள்ளுவது போல. இந்தத் தள்ளல் தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் விழுகிறது, அடித்தளம் 0.8 மீட்டர் ஆழம். அப்படியானால் கவிழ்க்கும் திருப்பம் 440 x 2.8 = 1,232 கிலோ-மீட்டர் (கிலோவை மீட்டரால் பெருக்கிய அளவு, தூரம் அல்ல).

ஒன்றரை மீட்டர் சதுரமும் 0.8 மீட்டர் ஆழமும் உள்ள கான்கிரீட் கட்டியின் எடை சுமார் 4,320 கிலோ. அது தன் ஓரத்தைப் பற்றிக் கவிழாமல் நிற்கும் பலம், எடையை அகலத்தில் பாதியால் பெருக்கினால், 4,320 x 0.75 = 3,240 கிலோ-மீட்டர். கவிழ்க்கும் திருப்பத்தைப் போல இரண்டரை மடங்குக்குச் சற்று மேல், போதுமானதுதான். அதே கட்டியை 1 மீட்டர் சதுரமாகச் சுருக்கினால் எடை 1,920 கிலோ, பலம் 960 கிலோ-மீட்டர். புயலில் கவிழ்ந்துவிடும். அகலத்தை அரை மீட்டர் குறைத்ததில் பலம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டதைக் கவனியுங்கள். இது மனதில் பிடிபடுவதற்கான கணக்கு மட்டுமே. உங்கள் பகுதிக்கான காற்று வேகத்தையும் மண்ணின் தாங்குதிறனையும் வைத்து கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் கணக்கிட்டுக் கையெழுத்துப் போடாமல் வேலையைத் தொடங்காதீர்கள்.

சாய்ந்ததை என்ன செய்வது? சிற்பத்தின் அடித்தகடான பேஸ் பிளேட்டுக்கு அடியில் ஆப்பு அடித்து நிமிர்த்துவது தற்காலிகம்தான், மறுபடி சாயும். சிற்பத்தைக் கழற்றி இறக்கிவிட்டு அடித்தளத்தைப் புதிதாகப் போடுங்கள். இந்த முறை ஆங்கர் போல்ட்டுகளை, பேஸ் பிளேட்டின் துளைகளோடு ஒத்த மரச்சட்டத்தில் மாட்டிக் கான்கிரீட்டில் நிறுத்துங்கள். பிளேட்டுக்குக் கீழே ஒரு நட், மேலே ஒரு நட் என்று வைத்தால் மட்டம் பார்த்துத் திருகிக்கொள்ளலாம். மட்டம் வந்ததும் இடைவெளியைச் சுருங்காத கிரவுட்டால் (இடுக்குகளை அடைக்கும் கலவை) நிரப்பிவிட வேண்டும். தண்ணீர் அங்கே தங்கினால் போல்ட் உள்ளுக்குள்ளேயே அரித்துப்போகும்.

கேள்வி: துருநிறத்தில் நிற்கும் வெதரிங் ஸ்டீல் வைத்தோம். பார்க்க அழகு. ஆனால் கீழே வெள்ளைக் கல் தளம் முழுக்கப் பழுப்புக் கறை.

பதில்: அந்த எஃகின் குணமே அதுதான். மேலே படியும் துரு, ஈரமும் காய்ச்சலும் மாறி மாறி வந்தால்தான் இறுகி உள் உலோகத்தைக் காக்கும் போர்வையாகும். இறுகும்வரை ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கரைந்து வழியும். முதல் ஒன்றிரண்டு வருடம் இது இருக்கும். அடியைச் சுற்றி அரை மீட்டர் அகலத்துக்குத் தளத்தை எடுத்துவிட்டு, கருப்பான அல்லது பழுப்பான கூழாங்கல் நிரப்பி, அடியில் வடிகால் கொடுத்தால் தொல்லை தீரும். கல்லில் இறங்கிய கறைக்கு ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் உதவும். ஆனால் சுண்ணாம்புக்கல், பளிங்கு என்றால் அமிலம் கல்லையே தின்றுவிடும், தொடவே கூடாது.

கடல் காற்று வீசும் இடத்துக்கும், தண்ணீர் தேங்கும் மடிப்புகள் உள்ள வடிவத்துக்கும் இந்த எஃகு ஒத்துவராது. போர்வை இறுகவே இறுகாது, அரித்துக்கொண்டே போகும். கடலோரம் என்றால் மாலிப்டினம் கலந்த 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான், சாதாரண 304 ரகம் போதாது. பட்டறையில் சாதா இரும்புக்குப் பயன்படுத்திய கிரைண்டிங் தட்டால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைத் தேய்த்தால் இரும்புத் துகள் ஒட்டிக்கொண்டு சில வாரத்தில் துருப்புள்ளி பூக்கும். "ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று சொல்லி ஏமாற்றிவிட்டார்கள்" என்று வரும் புகார்களில் பல இந்த வகைதான்.

கேள்வி: புதுச் சுவரில் வரைந்த ஓவியம் இரண்டே வருடத்தில் உரிகிறது. இன்னொரு சுவரில் சிவப்பு மட்டும் வெளுத்துவிட்டது. ஓவியரின் தவறா?

பதில்: உரிவதற்குச் சுவரும், வெளுப்பதற்கு நிறமிகளும்தான் பெரும்பாலும் காரணம். சிமெண்ட் பூச்சு புதிதாக இருக்கும்போது அதன் பிஎச் அளவு 12-க்கு மேல் இருக்கும். அந்தக் காரம் பெயிண்டின் பசையைச் சிதைத்துவிடும். பூச்சு முடிந்து குறைந்தது 28 நாள் போக வேண்டும். அதன் பிறகும் காரத்தைத் தாங்கும் பிரைமர் ஒரு கோட் அடித்துத்தான் தொடங்க வேண்டும். திறப்பு விழாத் தேதியை வைத்துக்கொண்டு அவசரப்படுத்துகிறவர்களிடம் ஓவியர் பிடிவாதமாக நிற்க வேண்டிய இடம் இது.

அடுத்தது ஓதம். சுவரில் ஒரு சதுர மீட்டர் பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். உள்பக்கம் நீர் முத்து கட்டியிருந்தால் சுவரில் ஈரம் இருக்கிறது. அங்கே வரையவே கூடாது. ஈரம் வெளியே வரும்போது உப்பையும் இழுத்து வந்து, வெள்ளையாகப் பூத்து, பெயிண்டைத் தள்ளிவிடும். சுவரின் பின்பக்கம் மண் அணைத்திருந்தாலும், மேல் விளிம்பில் மூடுகல் இல்லாவிட்டாலும் இதே கதிதான். மூடுகல் இரு பக்கமும் 4 சென்டிமீட்டராவது வெளியே நீண்டு, அடியில் தண்ணீர் சொட்டி விழ ஒரு காடி இருக்க வேண்டும்.

வெளுப்புக்கு வருவோம். இரும்பு ஆக்சைடு நிறங்களான காவி, செம்மண், பழுப்பு, கருப்பு ஆகியவை வெயிலை நன்றாகத் தாங்கும். பளீர் சிவப்பும் மஞ்சளும் தரும் மலிவான கரிம நிறமிகள் முதலில் போகும். பழைய மண்ணின் கதையைச் சொல்ல மண்ணின் நிறங்களே பொருத்தம் என்பதால் இங்கே அழகும் ஆயுளும் ஒரே பக்கம் நிற்கின்றன. மேற்கு வெயில் நேராக அடிக்கும் சுவரைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். பெயிண்ட் அடிக்காத சிமெண்ட் சுவர் கிடைத்தால் சிலிகேட் பெயிண்டைப் பற்றி யோசியுங்கள். அடால்ஃப் வில்ஹெல்ம் கைம் 1878-இல் காப்புரிமை பெற்ற முறை இது. சுவரோடு வேதியியல் முறையில் பிணைவதால் தோலாக உரியாது. ஆனால் ஏற்கெனவே அக்ரிலிக் அடித்த சுவரில் பிடிக்காது.

அளவுக் கணக்கு: 12 மீட்டர் நீளம், 6 மீட்டர் உயரம் என்றால் 72 சதுர மீட்டர். மழமழப்பான சுவரில் ஒரு லிட்டர் ஒரு கோட்டுக்குச் சுமார் 10 சதுர மீட்டர் வரும். பிரைமருக்கு 8 லிட்டர், அடிநிறம் இரண்டு கோட்டுக்கு 16 லிட்டர். சொரசொரப்பான சுவருக்கு இதில் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வாங்குங்கள். பெரிய பரப்புக்கான நிறத்தை ஒரே கலவை எண்ணில் ஒரே நேரத்தில் வாங்கிவிட வேண்டும். பாதியில் வாங்கினால் வேறுபாடு தெரியும். ஒவ்வொரு நிறத்திலும் அரை லிட்டர் மூடி வைத்து, டப்பாவில் எண்ணையும் தேதியையும் எழுதுங்கள்.

கேள்வி: பழைய இடப்பெயர்களை உலோக எழுத்தில் சுவரில் பதிக்க நினைக்கிறோம். கவனிக்க வேண்டியது என்ன?

பதில்: புள்ளி. தமிழ் எழுத்தைத் தனித்தனியாக வெட்டி ஒட்டும்போது மெய்யெழுத்தின் புள்ளி மட்டும் சின்ன வட்டமாகத் தனியே நிற்கும். ஒட்டுப் பரப்பு குறைவு, முதலில் விழுவது அதுதான். "குளம்" ஒரு மழைக்காலம் முடிவதற்குள் "குளம" ஆகிவிடும். ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னால் 4 மில்லிமீட்டர் தண்டு ஒன்றைப் பற்றவைத்து, சுவரில் 40 மில்லிமீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு எபாக்ஸிப் பசையில் நிறுத்துங்கள்.

தகட்டை ஊடுருவி வெட்டும் முறை என்றால் சிக்கல் வேறு. க, ண, ன போன்ற எழுத்துகளின் மூடிய வளையத்துக்குள் இருக்கும் உலோகம் கழன்று விழுந்துவிடும். அங்கங்கே 3 மில்லிமீட்டர் அகலத்தில் பாலம் விட வேண்டும். பாலம் எங்கே வருவது என்பதை எழுத்து வடிவம் தெரிந்தவர் முடிவு செய்யட்டும். வெட்டுகிறவரிடம் விட்டால் ண-வும் ன-வும் ஒன்றாகத் தெரியும். வெட்டக் கொடுப்பதற்கு முன் முழு அளவில் தாளில் அச்சிட்டுச் சுவரிலேயே ஒட்டி, வேலையில் சம்பந்தமில்லாத மூன்று பேரைத் தனித்தனியாகப் படிக்கச் சொல்லுங்கள். கணினித் திரையில் தப்பிய பிழை சுவரில் பிடிபடும்.

கேள்வி: பிள்ளைகள் சிற்பத்தின் மேல் ஏறுகிறார்கள். வேலி போடலாமா?

பதில்: வேண்டாம். ஏறுவார்கள் என்று வைத்தே வடிவமைக்க வேண்டும். 89 மில்லிமீட்டருக்கு மேல் 230 மில்லிமீட்டருக்குள் இருக்கும் இடைவெளி எதுவும் கூடாது. சின்னப் பிள்ளையின் உடல் நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும் அளவு அது. நிற்கக்கூடிய இடம் 60 சென்டிமீட்டருக்கு மேல் உயரம் என்றால் கீழே மணலோ ரப்பர் தளமோ தேவை. முனைகளைத் தேய்த்து உருட்டிவிடுங்கள். பார்வையற்றவர்களையும் நினைக்க வேண்டும். தரையில் எதுவும் இல்லாமல் இடுப்புக்கும் தலைக்கும் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் கையோ இறக்கையோ அவர்களின் கைத்தடிக்குத் தட்டுப்படாது, முகத்தில்தான் இடிக்கும். அப்படி நீட்டினால் அதன் நேர் கீழே திண்ணை போல ஏதாவது இருக்க வேண்டும்.

கேள்வி: பணம் கொடுத்துச் செய்வித்தது நாங்கள். பிடிக்காவிட்டால் எடுத்துவிடவோ நிறம் மாற்றவோ எங்களுக்கு உரிமை இல்லையா?

பதில்: பொருள் உங்களுடையது, ஆனால் படைப்பாளிக்குத் தன் படைப்பு சிதைக்கப்படக் கூடாது என்ற உரிமை தனியாக உண்டு. படைப்பாளிகளின் உரிமைக்கான சர்வதேச பெர்ன் உடன்படிக்கையில் 1928-இல் சேர்ந்த இந்தத் தார்மிக உரிமை பல நாடுகளின் சட்டத்தில் இருக்கிறது. டெல்லி விஞ்ஞான் பவனில் இருந்த சிற்பி அமர்நாத் சேகலின் வெண்கலச் சுவர்ச்சிற்பம் 1979-இல் பெயர்த்தெடுக்கப்பட்டுச் சேதமானது. 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம் எஞ்சிய பகுதிகளை அவரிடமே கொடுக்கவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது. நியூயார்க்கில் சிற்பி ரிச்சர்ட் செர்ராவின் 36 மீட்டர் நீள எஃகுச் சுவர் 1981-இல் ஒரு சதுக்கத்தைக் குறுக்கே மறித்து நின்றது. அங்கே வேலை பார்த்தவர்களில் பலர் எதிர்க்க, நீண்ட வழக்குக்குப் பின் 1989-இல் அகற்றப்பட்டது. அந்தச் சதுக்கத்தை தினமும் கடப்பவர்களிடம் முன்கூட்டியே பேசியிருக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்: எத்தனை வருடத்துக்கு இடம் மாறாது, மாற்ற வேண்டி வந்தால் எத்தனை நாள் முன்னறிவிப்பு, பழுது பார்க்க முதல் வாய்ப்பு படைப்பாளிக்கா, படத்தைச் சங்கத்தின் நாட்காட்டியில் போடலாமா. பணத்தையும் கட்டங்களாகப் பிரியுங்கள்: வரைவுக்கு, மாதிரிக்கு, பொருள் வாங்க, நிறுவியதும், ஒரு மழைக்காலம் தாண்டியதும். கடைசித் தவணையாக 10 சதவீதமாவது நிற்கட்டும்.

கேள்வி: பராமரிப்புக்கு என்ன செய்ய வேண்டும்?

பதில்: மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்கைத் தொடக்கத்திலேயே தனிக் கணக்கில் போடுங்கள். வெண்கலத்துக்கு வருடம் ஒருமுறை கழுவிக் காயவிட்டு மெழுகு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு நல்ல தண்ணீரும் மென்மையான சோப்பும், கம்பி நார் தொடவே கூடாது. மொசைக்கில் வெடித்த கிரவுட்டை அடுத்த மழைக்கு முன்பே அடைத்துவிடுங்கள். தரையில் புதைத்த விளக்குகளின் கீழே 30 சென்டிமீட்டர் ஜல்லி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் நீர் புகாத ஐபி 67 தரம் என்றாலும் உள்ளே தண்ணீர் ஏறும். உலோகத்தின் ரகம், போல்ட் அளவு, பெயிண்ட் எண், அடித்தள வரைபடம் நான்கையும் படைப்பாளியிடமிருந்து எழுத்தில் வாங்கி, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைச் சங்க அலுவலகத்துக்கு வெளியே வேறு இடத்தில் வையுங்கள். கடைசித் தவணையைக் கொடுப்பது அந்தத் தாள் கைக்கு வந்த பிறகு இருக்கட்டும்.